சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம் தங்கிய விருந்தாளி

உர்சுலா பிஞ்ச்பெக் தன் ஆயுளில் இரண்டே தடவைதான் பயந்ததாகச் சொல்லுவாள். ஒரு தடவை, தேம்ஸ் உறைந்துகிடந்த குளிர்காலத்தில் துணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் குறுக்கே கடக்கும்போது, காலடியில் பனிக்கட்டி ‘படீர்’ என்று விரிசல் விட்டது. இன்னொரு தடவை, புது அரசர் ஊருக்குள் வந்த வருஷம், தன் வீட்டுச் சுவரில் இருந்த ஒரு பெண்பிள்ளைக்கு உடுப்பு மாட்டிவிட்ட குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போகவேண்டி வருமோ என்று ஒரு வாரம் பயந்தது. முதல் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். இரண்டாவது கதை என்றால் முதலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

அவள் சலவைக்காரி. வெஸ்ட்மின்ஸ்டரில், கிங் தெருவுக்குப் பின்னால் ஆற்றங்கரைக்கு இறங்குகிற சந்தில் அவளுடைய சலவைக்கூடம். பதினெட்டு வயதில் பிஞ்ச்பெக்கைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தாள். ஆறு வருஷம் கழித்து பிஞ்ச்பெக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை கிடையாது. ஒரு பெரிய செம்புக் கொப்பரை, நான்கு மரத்தொட்டி, அரண்மனைச் சாப்பாட்டு மேஜைக்கு விரிப்பும் கைத்துணியும் வெளுத்துக் கொடுக்கிற வேலை, இவ்வளவுதான் அவன் வைத்துவிட்டுப் போன சொத்து. அது போதும் என்று உர்சுலா கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். கஞ்சி போடுவதில் அவளை மிஞ்ச அந்தப் பேட்டையில் ஆள் இல்லை. அவள் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டியை மேஜைமேல் நிறுத்தி வைத்தால் அது தானே நிற்கும். ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தே அது எந்தக் கிணற்றுத் தண்ணீரில் அலசியது என்று சொல்லிவிடுவாள்.

பழைய அரசருக்கு ஆட்சி நடத்தத் தெரியவில்லை. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை, தலையையே கொடுத்துவிட்டார். ஆனால் படம் என்றால் அந்த மனுஷனுக்கு உயிர். இத்தாலி, ஸ்பெயின், ஹாலந்து என்று எங்கே நல்ல படம் இருந்தாலும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து அரண்மனைச் சுவரெல்லாம் மாட்டிவைத்தார். மேஜைத் துணி வெளுத்தவளுக்குக் கூலி கொடுக்கக் கையில் காசில்லை, படம் வாங்க மட்டும் எங்கிருந்தோ வந்தது. இப்படித்தான் சில வீட்டில் நடக்கிறது, அரசர் வீட்டில் நடந்தால் மட்டும் அதைச் சரித்திரம் என்கிறார்கள்.

அவர் தலையை வெட்டி, இனி அரசரே வேண்டாம் என்று முடிவு கட்டிய பார்லிமெண்ட் அவருடைய தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் விலைக்குப் போட்டது. கூலி பாக்கி இருந்த வேலைக்காரர்களிடம், ‘ரொக்கம் கிடையாது, சாமானாக எடுத்துக்கொள்’ என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு லண்டனில் நடந்த கூத்தைக் கேட்கவேண்டும். ஈயக்குழாய் போட்டவன் வீட்டுக்கு ஒரு தேவதை படமாகப் போனாள். ரொட்டி சுட்டவன் வீட்டுக்கு ஒரு போப்பாண்டவர் போனார். உர்சுலா ஒரு நல்ல கொப்பரையோ மெத்தையோ கிடைக்கும் என்று போனாள். அதெல்லாம் முழங்கை பலம் உள்ளவர்களுக்குப் போய்விட்டது. மூன்று வருஷக் கூலிக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு படம்.

முழு ஆள் உயரம், யாரோ ஓர் இத்தாலிக்காரன் வரைந்தது. ஓடைக்கரையில் ஒரு பெண் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. பின்பக்கம் மரச்சட்டத்தில் கிரீடமும் அரசரின் எழுத்தும் சூடு போட்டிருந்தது. உர்சுலா அதைத் துணி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வேறு இடம் இல்லாமல், கொப்பரைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள். அவளிடம் வேலை பார்த்த டோர்க்கஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ஏன்க்கா, மூணு வருஷம் முதுகொடிய வெளுத்ததுக்கு, வெளுக்கத் துணியே இல்லாத ஒருத்தியப் புடிச்சுக் குடுத்துட்டாங்களே!”

“விருந்தாளிடி அவ. அரண்மனைலேந்து வந்திருக்கா, மரியாதையாப் பேசு” என்றாள் உர்சுலா. அன்றிலிருந்து அந்தப் படத்துக்கு விருந்தாளியம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒபதாயா கிரிம்ஸ் வந்து நின்றான். பேட்டை சர்ச்சின் பொறுப்பாளன். அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடிப்பதைப் பக்தி என்று நினைத்துக்கொண்ட ஆசாமி. படத்தை ஒரு கண்ணால் பார்த்தான், இன்னொரு கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏம்மா உர்சுலா, பத்துப் பொம்பளைங்க வந்துபோற எடம். இத எரிச்சுப்போடு. இல்லன்னா சபைல சொல்லி உன் கொப்பரைய எடுத்துட்டுப் போகவெப்பேன்.”

“மூணு வருஷக் கூலிங்கய்யா அது. எரிக்கிறதா?”

“அப்போ மானமா உடுப்பு மாட்டு. கழுத்துவரைக்கும்.”

வேறு வழி இல்லை. சந்து முனையில் இருந்த ஜெர்வஸ் டாட்டைக் கூப்பிட்டாள். அவன் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். மெலிந்த ஆள், நல்ல மனுஷன், கையில் நாலு காசு புரண்டால் மட்டும் அது எந்தக் கடைக்குப் பலகை எழுதினானோ அதே கடைக்குள் போய்விடும். ‘மழையிலும் வெயிலிலும் நிற்கிற பலகைக்குப் போடுகிற மாதிரி, நல்ல ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் போடு’ என்று சொல்லி, எண்ணெய்க்கென்று தனியாகக் காசும் கொடுத்தாள். இரண்டு நாளில் விருந்தாளியம்மா கறுப்புக் கவுனும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் தொப்பியும் முன்னால் தொங்கும் வெள்ளை ஏப்ரனுமாக, கொக்கி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஓடையோரமாகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒபதாயாவுக்கு உச்சி குளிர்ந்தது.

போகும்போது ஜெர்வஸ் ஒன்று சொன்னான். “ஈரத்துணி மட்டும் மேல படவே கூடாதுங்க. தூசி தட்டணும்னா கோழி இறகால தட்டுங்க.”

உலகத்தில் எதைப் பார்த்தாலும் நனைத்துப் பிழியத் துடிக்கிற உர்சுலா, அந்த ஒரு பொருளை மட்டும் ஒன்பது வருஷம் நனைக்கவில்லை. கூடத்தில் எப்போதும் கொப்பரை ஆவி. வருஷத்துக்கு வருஷம் கவுனின் ஓரத்தில் கொஞ்சம் செதில் விடும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஜெர்வஸ் சின்னச் சட்டியும் தூரிகையுமாக வந்து, சல்லிக்காசு வாங்காமல் சரிசெய்துவிட்டுப் போவான். அவள் சும்மா அனுப்பமாட்டாள். கொப்பரையிலேயே துணியில் கட்டி வேகவைத்த திராட்சைப் புட்டிங்கை வெட்டி முன்னால் வைப்பாள். அவன் இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டுவான். “சாயம் பூச வரானா, உன்னப் பார்க்க வரானா?” என்று டோர்க்கஸ் சீண்டுவாள். உர்சுலா ஈரத்துணியை அவள்மேல் வீசுவாள். ஆனால் முகம் சிவந்துதான் இருக்கும், அதைக் கொப்பரைச் சூட்டின்மேல் பழி போட்டுவிடுவாள்.

இப்படி ஒன்பது வருஷம் ஓடிற்று. பழைய அரசரின் மகன் கடல் கடந்து திரும்பி வந்தார். மணி அடித்து, தீ வளர்த்து, மூடிக்கிடந்த நாடகக்கொட்டகை எல்லாம் திறக்கும் என்று ஊர் துள்ளியது. உர்சுலாவும் சந்தோஷமாகத்தான் தெருமுனைக்குப் போனாள். அங்கே ஒருவன் தம்பட்டம் அடித்து ஓர் உத்தரவை வாசித்தான். காலஞ்சென்ற அரசரின் சாமான் யார் வீட்டில் இருந்தாலும் ஏழு நாளுக்குள் வைட்ஹால் அரண்மனையில் ஒப்படைக்கவேண்டும். எடுத்தபோது இருந்தபடியே இருக்கவேண்டும். ஒளித்தவர்களுக்கும் சேதப்படுத்தியவர்களுக்கும் ஜெயில்.

திரும்பி வந்து படத்தின் முன்னால் நின்றாள். கறுப்புக் கவுன். கழுத்துப்பட்டி. பூட்ஸ். பூட்ஸைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

“எடுத்தபடியாம்டி. எடுத்தபடின்னா இவ பொறந்த மேனியாவுல்ல இருந்தா!”

“யாருக்கா ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?” என்றாள் டோர்க்கஸ்.

“பட்டியல் இருக்குடி. ஒவ்வொண்ணும் எழுதி வெச்சிருக்காங்க.”

மறுநாள் காலையில் ஒபதாயா கிரிம்ஸ் வாசலில் நின்றான். தொப்பியில் ராஜ விசுவாசத்துக்கு ஓக் இலை, சட்டையில் இரண்டு முழ ரிப்பன். நேற்றுவரை கறுப்பைத் தவிர ஒன்றும் உடுத்தாத ஆள். வெட்கம் என்று ஒன்று கடையில் விற்றாலும் அவன் வாங்கமாட்டான்.

“ஏம்மா உர்சுலா, அரசரோட படத்த இப்பிடி நாசம் பண்ணி வெச்சிருக்கியே.”

“நீங்கதானேய்யா உடுப்பு மாட்டச் சொன்னீங்க!”

“நானா? எங்க சொன்னேன், யார்கிட்ட சொன்னேன்? சாட்சி இருக்கா? ஏழாம் நாள் நானே வைட்ஹால் வந்து பாப்பேன், பட்டியல்ல ஏறிச்சா இல்லியான்னு. ஏறலன்னா என் கடமைய நான் செய்யணும்ல.”

அவன் போன பிறகு டோர்க்கஸ் வாசல்படியைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினாள்.

உர்சுலா நேராக ஜெர்வஸிடம் ஓடினாள். அவன் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ‘அரசர் தலை’ என்று இருந்த மதுக்கடைகளை எல்லாம் ‘கப்பல்’ என்றும் ‘கலப்பை’ என்றும் மாற்றி எழுதியவன் அவனே. இப்போது எல்லாவற்றையும் மறுபடி அரசர் தலையாக்க வேண்டும். ஊர் முழுக்க அவனைத்தான் தேடியது.

“ஜெர்வஸ், அந்த உடுப்பக் கழட்ட முடியுமா, முடியாதா? உண்மையச் சொல்லுங்க.”

அவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. “முடியும், முடியும். ஒரு மருந்து இருக்கு. மருந்துக்கடையில சொல்லிச் செய்யணும். நான் கொண்டாந்து நானே பண்றேன். நீங்க மட்டும் கை வெச்சிடாதீங்க.”

அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் டோர்க்கஸை அனுப்பினாள். ‘இன்னும் ரெண்டு அரசர் பாக்கி, முடிச்சிட்டு வரேன்’ என்று சொல்லி அனுப்பினான். ஐந்தாம் நாள் ஆளையே காணோம். உர்சுலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியைத் தீய விட்டாள், அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஜெயிலைப் பற்றி அவளுக்குத் தெரியும், ஜெயில் துணியும் ஒரு காலத்தில் வெளுத்திருக்கிறாள். அந்தத் துணியில் வந்த நாற்றம் இப்போது மூக்கிலேயே நின்றது.

ஆறாம் நாள் மதியம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எண்ணெய்ச் சாயம். எண்ணெயை எடுக்க சலவைக்காரிக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், சாம்பலில் வடித்த காரநீர். எப்பேர்ப்பட்ட எண்ணெய்க் கறையும் அதற்கு முன்னால் நிற்காது. இருப்பதிலேயே கடுமையாக ஒரு வாளி வடித்தாள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பெஞ்சின்மேல் மல்லாத்தி வைத்தாள். பன்றிமயிர்ப் பிரஷை எடுத்தாள்.

“அக்கா, எனக்கென்னமோ பயமா இருக்கு” என்றாள் டோர்க்கஸ்.

“எனக்கு மட்டும் இல்லியா? நாளைக்குக் கடைசி நாள். நீ தலமாட்டப் புடிச்சுக்கோ.”

பிரஷை வாளியில் நனைத்துத் தூக்கினாள். சொட்டு ஒன்று பெஞ்சில் விழுந்து நுரைத்தது. அந்த நேரத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெர்வஸ் டாட் உள்ளே வந்தான். கையில் ஒரு பாட்டில், அதில் பச்சையாக ஏதோ மருந்து. வாளியைப் பார்த்தான். வாடையை முகர்ந்தான். பாட்டில் கீழே விழுந்து உடைந்தது.

“ஐயோ, வேண்டாம்! வேண்டாம்! அதத் தொடாதீங்க!”

பாய்ந்து வந்து பிரஷைப் பிடுங்கினான். அவன் உள்ளங்கை வெந்துபோயிற்று, அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

“இது பட்டா அடியில இருக்கற அம்மாவும் சேர்ந்து போயிடுவாங்க! இத்தாலிக்காரன் போட்டதும் எண்ணெய்தான். எல்லாம் போயி வெறும் கித்தான்தான் மிஞ்சும்!”

“பின்ன என்னதான் பண்ணச் சொல்றீங்க? அந்த மருந்தையும் கொட்டியாச்சு!”

“அது மருந்து இல்ல.”

“என்னது?”

“தண்ணி. பச்சை கலந்த தண்ணி.” அவன் முகத்தில் அசடு வழிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தண்ணி போதும், உர்சுலாம்மா. வெறும் தண்ணி. நான் எண்ணெய்ல போடல. சுண்ணாம்புக்கட்டிப் பொடியும் தோல் பசையும் கலந்து பூசினேன். எண்ணெய்க்குக் குடுத்தீங்களே காசு, அத… குடிச்சிட்டேன்.”

உர்சுலா காரநீர் வாளியைக் காலால் அப்பால் தள்ளினாள்.

“ஈரத்துணி படக் கூடாதுன்னது…”

“பட்டா அன்னிக்கே கவுன் கரஞ்சு ஓடியிருக்கும். என் குட்டு வெளிப்பட்டிருக்கும். அதான் வருஷா வருஷம் வந்து ஒட்டுப்போட்டேன்.”

“அடப் பாவி மனுஷா! ஆறு நாளா சோறு இறங்காம செத்துக்கிட்டிருக்கேன். மொத நாளே ஏணி மேலேந்து இத ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?”

“வெக்கமா இருந்திச்சு. மருந்துன்னு சொல்லி நானே தொடச்சுட்டா, நல்ல பேரோட போயிடலாம்னு…”

உர்சுலா தொட்டியில் கிடந்த ஒரு விரிப்பை எடுத்தாள், முறுக்கினாள், அவன் முதுகில் நான்கு போட்டாள். ஐந்தாவதை ஓங்கியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த மனுஷன் யோக்கியமாக எண்ணெய் வாங்கிப் பூசியிருந்தால் இன்றைக்கு அவள் கதி அதோகதி. ஒருத்தன் ஏமாற்றியதற்கு இவ்வளவு நன்றியாக அவள் எப்போதும் இருந்ததில்லை. டோர்க்கஸ் காரநீர் வாளியைத் தூக்கிப் பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தாள். உர்சுலா முதலில் அந்த வாளியில் ஜெர்வஸின் கையை முக்கிப் பிடித்தாள், பிறகு வேறு தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

மெல்லிய பழைய துணியாக எடுத்து, ஈரம் சொட்டாமல் பிழிந்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலில் பூட்ஸ் போயிற்று. பத்து விரலும் வெளியே வந்தன. பிறகு கவுன், கறுப்புக் கஞ்சியாகக் கரைந்து துணியில் ஏறியது. துணியை மாற்றி மாற்றித் துடைத்தாள். முழங்கால், இடுப்பு, தோள். தொப்பி கரைந்ததும் மஞ்சள் முடி கொத்தாக விழுந்தது. ஒன்பது வருஷம் ஆவியும் புகையும் அண்டாமல் அந்தக் கவுன் அவளை மூடிவைத்திருந்ததால், நேற்றுக் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். ஏப்ரனும் போயிற்று. ஆனால் முழுக்கப் போகவில்லை. கால் பக்கம் ஒரு முழ வெள்ளை அப்படியே நின்றது.

“இது மட்டும் வரமாட்டேங்குதே” என்றாள் உர்சுலா.

“அதுவும் என் ஏப்ரன்தான். அங்க மட்டும் பசை கெட்டியா விழுந்திருக்கும். நல்லா அழுத்தித் தேயுங்க” என்றான் ஜெர்வஸ்.

“நெஜமா ஞாபகம் இருக்கா?”

அவன் தலையைச் சொறிந்தான். “அன்னிக்குத்தான் அந்தக் காசு கையில இருந்திச்சே. அவ்வளவா ஞாபகம் இல்ல.”

அவளுக்கும் ஞாபகம் இல்லை. படம் வந்து இரண்டு வாரத்தில் மூடியாகிவிட்டது. இப்போது தேய்த்தால் போய்விடலாம். போனது இத்தாலிக்காரனுடையதாக இருந்துவிட்டால் திரும்ப வராது. உர்சுலா துணியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, மூக்கு முட்டும் தூரத்தில் அந்த வெள்ளையைப் பார்த்தாள். சந்தையில் மோசடித் துணியைப் பிடிக்கிற பார்வை அது. பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறிற்று.

“ஜெர்வஸ், இது உங்க கைவேலை இல்ல.”

“எப்பிடித் தெரியும்?”

“உங்க ஏப்ரன் பலகை மாதிரி இருந்திச்சு. கோவிச்சுக்காதீங்க. இது துணி. பாருங்க, கீழ்ப் பாதி நனைஞ்சிருக்கு, அதான் கனத்துத் தொங்குது, லேசா நீலம் தட்டுது. மேல் பாதி காஞ்சிருக்கு, அங்க மடிப்பு மொடமொடன்னு நிக்குது. நடுவுல ஈரம் ஏறிக்கிட்டிருக்கு. இவ கால் தொடச்சுக்கிட்டிருக்கா. நல்ல ஹாலந்துத் துணி, ஒரே ஒரு தடவை வெளுத்தது.” அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. “நான் முப்பது வருஷமா பாக்கறதையெல்லாம் இவன் பாத்திருக்கான்டி, டோர்க்கஸ். பேர்கூடத் தெரியல. இப்படி ஒருத்தன் இருந்திருக்கான்!”

தேய்க்கவில்லை. விட்டுவிட்டாள்.

ஏழாம் நாள் காலை, வெளுத்த விரிப்பில் சுற்றி, அதே துணி வண்டியில் வைத்து மூவருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். வைட்ஹாலில் ஒரு நீண்ட கூடம், முழுக்கச் சாமான். மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் பெரிய நோட்டுப்புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாள் கணக்கில் தூங்காத முகம். ஒபதாயா கிரிம்ஸ் சொன்னபடியே ரிப்பனும் இலையுமாக ஓரத்தில் நின்றிருந்தான்.

குமாஸ்தா பின்பக்கத்துக் கிரீடத்தைப் பார்த்தார். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஆ, இருக்கு. ‘குளித்த பெண், ஆடை இல்லை, வலது கையில் வெள்ளைத் துணி.’” விரிப்பை விலக்கினார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “ஆடை இல்ல. துணி இருக்கு. அம்மா, இத எங்க வெச்சிருந்தீங்க?”

“சலவைக்கூடத்துலங்கய்யா.” எதுவும் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. “நடுவுல உடுப்பு மாட்டியிருந்தோம், சபைல கேட்டாங்கன்னு. நேத்துதான் தண்ணி போட்டுத் தொடச்சோம். குத்தம்னா என்னோடதுதான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, பின்னால் சுவர் ஓரம் திருப்பி வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திருப்பினார். ஒருத்தி பழுப்புக் கவுன் போட்டிருந்தாள். ஒருத்தி கழுத்துவரை சாம்பல் சால்வை. மூன்று பேர் ஒரே மாதிரி கறுப்பு உடுப்பு, அக்கா தங்கை போல. ஒரு குட்டி மன்மதன்கூட முட்டிவரை காற்சட்டை போட்டுக்கொண்டு வில்லை வளைத்துக்கொண்டிருந்தான்.

“இந்த வாரம் மட்டும் ஆறு பேரு வந்திருக்காங்கம்மா. ஆறு பேரும் இந்தக் கோலத்துலதான் வந்தாங்க. நேத்து ஒரு சோப்புக்காரர் உடுப்ப எடுக்கறேன்னு காரநீர் போட்டுத் தேச்சு, வெறும் கித்தானக் கொண்டாந்து குடுத்தாரு. நல்லபடியா வீடு வந்து சேர்ந்தது உங்க படத்து அம்மா ஒருத்திதான்.” குரலைத் தாழ்த்தினார். “இந்த ஆறையும் உங்களால வெளுத்துக் குடுக்க முடியுமா?”

டோர்க்கஸ் ‘களுக்’கென்று சிரித்தாள். உர்சுலாவுக்கு மூச்சு நேரே வந்தது. ஏழு நாள் பிடித்துவைத்திருந்த மூச்சு. லண்டன் முழுக்க இதே பைத்தியக்காரத்தனத்தைச் செய்துவிட்டு, ஒவ்வொருவரும் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாக நடுங்கியிருக்கிறார்கள்!

“எண்ணெயா, பசையான்னு மொதல்ல பாக்கணுங்க. அதுக்கு இவர் இருக்காரு” என்று ஜெர்வஸை முன்னால் தள்ளினாள். “எது சாயம், எது நெஜத் துணின்னு நான் பாத்துக்கறேன்.”

அப்புறம் தலையைத் திருப்பினாள். “கிரிம்ஸ் ஐயா, பட்டியல்ல ஏறிடுச்சு. பாத்துக்கிட்டீங்களா?” கிரிம்ஸ் கூரையில் என்னமோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடை முழுக்க அவளும் ஜெர்வஸும் வைட்ஹாலுக்கு வாளியும் துணியுமாகப் போய் வந்தார்கள். ஆறில் ஐந்து பேர் சேதம் இல்லாமல் மீண்டார்கள். சாம்பல் சால்வைக்காரி மட்டும் அசல் எண்ணெய், யாரோ ஒரு யோக்கியன் பூசியது. அவள் இன்றுவரை சால்வையோடுதான் இருக்கிறாள். மேஜைத் துணி வெளுக்கிற வேலையும் உர்சுலாவுக்கே திரும்பி வந்தது. இந்தத் தடவை கூலியை மாதாமாதம் கையோடு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுச் சுவரில் படம் இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அவள் அதில் எதையும் மாட்டவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜெர்வஸ் டாட் நின்றிருந்தான். தலை சீவியிருந்தான், வெந்த உள்ளங்கையில் தழும்பு இருந்தது. சட்டியும் இல்லை, தூரிகையும் இல்லை.

“சுவத்துல ஒண்ணுமே இல்லியே. எதுக்கு வந்தீங்க?” என்றாள் உர்சுலா.

“தெரியும்.” அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “மொத வருஷம் சாயத்துக்காக வந்தேன், ஒத்துக்கறேன். பாக்கி எட்டு வருஷமும் சாயத்துக்காக வரல.”

உள்ளே டோர்க்கஸ் கையில் இருந்த துணியை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு, காது கொடுத்து நின்றாள்.

உர்சுலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். காய்ந்த துணியையும் நனைந்த துணியையும் பார்த்த அதே பார்வை.

“புட்டிங் வேக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்” என்றாள். “உள்ள வந்து இந்த விரிப்போட அந்த முனையப் புடிங்க. பிழியணும்.”

அவன் வந்து பிடித்தான்.